நடை தொடங்கினால் ஆர்வம் வரும்

பெங்களூரு லால்பாக்கில், கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையில் முதல் நாள் ஏறுபவருக்கு மூச்சு வாங்கும். வாரத்தில் ஐந்து நாள் ஏறிப் பழகினால், சில வாரங்களில் அதே ஏற்றத்துக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடிக்கும். உடலுக்குச் சுலபமானதும் மனதின் தயக்கமும் குறையும். ஆர்வம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

வேகம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மூச்சு முட்ட ஓடுபவருக்கு முதல் வாரமே வெறுத்துவிடும்.

நேரம்: காலைக் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் ஷூ. தினமும் அதே வரிசை.

பொறுமை: 2009-இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது.

மழை நாள்: ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெடுவதில்லை என்றும் அதே ஆய்வு கண்டது. மறுநாள் தொடரலாம்.

இலக்கு: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது 30 நிமிடமாக ஐந்து நாள். அது கைவந்தவர்கள், நகரில் 2008 முதல் நடக்கும் உலக 10கே ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம்.