கம்பெனிப் பற்றா, கட்டிப்போட்ட கயிறா?

ஐபோன் வைத்திருப்பவர் வேறு கம்பெனியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். வயதானவர் பட்டன் போனை விடமாட்டார். இளவட்டங்களுக்கு எந்தக் கம்பெனியும் நிலையில்லை. வாடிக்கையாளர் கையிலுள்ள போனைப் பார்த்தவுடன் இப்படி முத்திரை குத்துவது நம்மிடையே பழகிவிட்டது. ரீசார்ஜ், சார்ஜர், ஒயர் எல்லாம் மளிகைக் கடைக்கும் வந்துவிட்டதால், இந்த எண்ணம் நம் கொள்முதல் வரை பாய்கிறது. எனவே இதைச் சற்று அலசிப் பார்ப்போம்.

நோக்கியாவை எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்த 1100 மாடல் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையே தொடங்கினார்கள். நம் மக்கள் இதை விட்டு நகரமாட்டார்கள் என்றுதான் பலரும் நம்பினோம். ஆனால் மக்களைப் பிடித்து வைத்திருந்தது பெயர் மட்டுமல்ல. டார்ச் விளக்கு, நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி, கீழே விழுந்தாலும் தாங்கும் உடம்பு. தொடுதிரை போன் கைக்கெட்டும் விலைக்கு வந்ததும் அதே மக்கள் மாறிக்கொண்டார்கள். 2014-இல் ஆலை நின்றது. (அதில் வரி வழக்குக்கும் பங்குண்டு.)

சிம் கார்டு கதை இன்னும் தெளிவானது. "எல்லாரிடமும் இந்த நம்பரைக் கொடுத்துவிட்டேன் அண்ணாச்சி, எப்படி மாற்றுவது?" என்பார்கள். அதைக் கம்பெனி மீதுள்ள பற்று என்று எண்ணினோம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம் என்றானதும் கயிறு அறுந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகக் கொடுத்தபோது ஆறு மாதத்துக்குள் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் பழைய சிம்மையும் எறியவில்லை, இரண்டையும் ஒரே போனில் போட்டுக்கொண்டார்கள். இவரை எந்த முத்திரையில் அடைப்பது?

ஐபோன்காரரையும் வெறும் பகட்டு என்று தள்ளவேண்டாம். படங்கள், காசு கொடுத்து வாங்கிய செயலிகள், பழகிய கை எல்லாம் அதில் இருக்கின்றன. சரக்கு எடுப்போர் ஒன்றைக் கவனிக்கவும்: 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி ஒயர்தான். பழைய மாடல் வைத்திருப்போர் இன்னும் உண்டு. அவர்களுக்காக லைட்னிங் ஒயர் அளவாக இருந்தால் போதும். "எந்த மாடல்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுக்கவும்.

நம் கல்லாவில் உள்ள பில் மெஷினும் இதே கணக்குத்தான். அது பிடித்திருப்பதால் வைத்திருக்கிறோமா, நம் சரக்குப் பட்டியலும் பாக்கிக் கணக்கும் அதற்குள் மாட்டிக்கொண்டதால் வைத்திருக்கிறோமா? புதிதாக வாங்குவோர் பணம் கட்டுமுன் பத்துச் சரக்கை ஏற்றி, அதை எக்செல் தாளாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லவும். சந்தா முடிந்த மறுநாள் பழைய பாக்கிக் கணக்கைப் பார்க்கவாவது முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.