பாய் ஏற்றுவது வயர் ரோப்பிலா, நூல் கயிற்றிலா?

"விருதுநகர்ல கடல் ஏதுப்பா, பாய்மரப் படகைப் பத்தி எழுத வந்துட்டே?" என்று கேட்காதீர்கள். ஆகஸ்டு 15-ல் கொடி பாதியில் மாட்டிக்கொண்டு நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கொடிக் கயிற்றுக்கும், படகில் பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான்: ஹால்யார்டு. "தூக்குக் கயிறு" என்று தமிழாக்கினால் அனர்த்தம்! பாய்க்கயிறு என்று வைத்துக்கொள்வோம்.

எஞ்சின் வருவதற்கு முன் தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்தே கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. அப்போது நார்க்கயிறு. 1941-ல் இங்கிலாந்தில் பாலியஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கயிறும் மாறியது. ஆனாலும் உல்லாசப் படகுகளில் நெடுங்காலம் வயர் ரோப்புக்குத்தான் மவுசு. காரணம், நாம் எஸ்.ஓ.எம். பாடத்தில் போட்ட அதே நீட்சிக் கணக்கு.

பாய்மரம் 12 மீட்டர், இழுவிசை 2500 நியூட்டன் என்று வைப்போம். 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வயர் ரோப்பில் உலோகப் பரப்பு சுமார் 10.5 ச.மி.மீ. இங்கே E-க்கு 2 லட்சம் போட்டால் கணக்கு தப்பு! புரிகள் இறுகும் என்பதால் சுமார் 50,000 தான். P×L-ஐ A×E-ஆல் வகுத்தால் 57 மி.மீ., அதாவது 6 செ.மீ. கூட இல்லை. அதே சுமைக்கு 10 மி.மீ. பாலியஸ்டர் கயிறு 2 முதல் 3 சதவீதம் நீளும். 24 முதல் 36 செ.மீ.! பாயின் தலை ஒரு அடி இறங்கினால் பாய் தொப்பை போட்டுவிடும், படகு சாயும், காற்றை எதிர்த்து ஏற முடியாது. காற்று பாறைக் கரையைப் பார்த்துத் தள்ளும் நேரத்தில் இது சின்ன விஷயமில்லை.

அப்போ வயர்தான் ஜெயிச்சதா? அவசரப்படாதீங்க. 7×19 என்றால் 133 மெல்லிய கம்பிகள். கப்பியில் வளையும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஏறும் தகைவு, கம்பி விட்டத்தைக் கப்பி விட்டத்தால் வகுத்து E-ஆல் பெருக்கியது. கப்பியைப் பாதியாக்கினால் தகைவு இரட்டிப்பு. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து முள் முள்ளாக நீட்டும், கை கிழியும். கையால் பிடித்து இழுக்க வயரின் நுனியில் நூல் கயிற்றைப் பின்னிச் சேர்க்க வேறு வேண்டும். அந்தப் பின்னல் எல்லோருக்கும் வராது.

நம்ம ஊர்க்காரனுக்கு இது புரியும். அணுகுண்டு வெடிக்குக் கம்பியா சுற்றுகிறோம்? சணல்தானே! இறுக்கம் வேண்டும் என்றால் இரும்புதான் வேண்டும் என்பதில்லை.

இன்று டைனீமா என்ற இழை இருக்கிறது. 8 மி.மீ. கயிறே 5 மி.மீ. வயரை விட வலுவானது, எடை பாதிக்கும் குறைவு, தண்ணீரில் மிதக்கும், நீட்சியும் வயரை ஒட்டியே இருக்கும். குறை? ஏறத்தாழ 150 டிகிரியில் உருகிவிடும். வின்ச்சில் வழுக்கினால் உரசல் சூடே ஆபத்து. முடிச்சும் வழுக்கும். விலையும் அதிகம்.

1968-69-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய 'சுஹைலி' நம்ம பம்பாயில் கட்டிய படகு. அதைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா'வில் 2018-ல் அபிலாஷ் டோமி கோல்டன் குளோப் பந்தயத்தில் இறங்கினார். 1968 காலத்துத் தொழில்நுட்பம்தான் என்பது விதி. கெவ்லார், ஸ்பெக்ட்ரா எல்லாம் தடை. (அவர் பாய்மரம் முறிந்தது புயலில், கயிற்றைக் குறை சொல்லாதீர்கள்.) தனி ஆள் படகில் பாய்க்கயிறு அறுந்தால், ஆடுகிற மரத்தின் உச்சிக்கு அவரே ஏற வேண்டும்!

என்னைக் கேட்டால், அவசரமில்லாத நெடும்பயணத்துக்கு நல்ல பாலியஸ்டரே போதும், ஒரு சைஸ் தடிமனாக. பழைய வயரைக் கழற்றிவிட்டுக் கயிறு போடுபவர் கப்பியையும் மாற்ற வேண்டும். வயர் ஓடிய கப்பியின் பள்ளம் குறுகலாக, ஓரம் கூராக இருக்கும்; புதுக் கயிற்றைக் கடித்துத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு முறை கயிற்று நுனியில் ஒரு சாண் வெட்டிவிட்டால், கப்பியில் தேயும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வயரே வைத்திருப்பவர்கள், பழைய துணியைச் சுற்றி நீளவாக்கில் உருவிப் பாருங்கள். துணி மாட்டினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது. வெறுங்கையால் மட்டும் தடவாதீர்கள்.