வெளிநாட்டுத் தளத்தில் எழுதும் நம் பிள்ளைகள்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் புதிது. ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் படித்த பெண்பிள்ளை இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

காடாம்புலியூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வாங்கி முடித்து, கடன் தவணைக்கு வந்தபோது ஒரு அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இதுவரை ஒரு தவணைகூடத் தவறாதவர். ஊக்குநர் கேட்டதும், "பாப்பாவுக்கு வேலை போயிடுச்சிம்மா. எந்தக் கம்பெனின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல, அது எந்த ஊர்ல இருக்குன்னும் தெரியல" என்றார்.

மகள் பி.ஏ. ஆங்கிலம் படித்தவர். குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி, பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மாதம் 750 ரூபாயும் வட்டியும் என்று 20 தவணை. அந்தப் பெண் இரவில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு இணையதளத்துக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவார். துணி துவைக்கும் மிஷின் எப்படி வாங்குவது, நாய்க்கு என்ன தீனி போடுவது, இப்படி. (நாய்க்குத் தீனி போட்ட கதைக்குக் காசு வருதா என்று அம்மாவுக்குச் சிரிப்பாம்.) ஒரு கட்டுரைக்கு 3 டாலர். மாதத்தில் இருபது, இருபத்திரண்டு எழுதுவார். ஐயாயிரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. ஏழு தவணை அந்தப் பணத்திலேயே அடைபட்டது.

ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. மின்னஞ்சலில் நாலு வரி வந்திருந்தது: இனி குறிப்பிட்ட சில நாடுகளில் இருந்து மட்டும்தான் எழுத்தாளர்களை ஏற்போம், உங்கள் நாடு அதில் இல்லை. 50 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்க முடியும் என்பது அந்தத் தளத்தின் விதி. அவர் கணக்கில் 38 டாலர் இருந்தது. அதாவது மூவாயிரத்துக்கு மேல். அதுவும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பதில் கேட்டு எழுதிய கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லை.

அன்று கூட்டத்தில் எனக்கு வருத்தமாக இருந்தது பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. "பாப்பா ஏதாவது தப்பு பண்ணியிருக்கும், இல்லாட்டி ஏன் நிறுத்தப் போறான்?" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அந்த அக்கா முகம் அப்படியே சுருங்கிப் போனது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். அந்தப் பெண் தப்பு எதுவும் செய்யவில்லை. இந்தத் தொழிலே இப்படித்தான் இருபது வருடமாக நடக்கிறது.

நமக்குத் தெரிந்த முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை உடைக்கிறோம், தோல் உரிக்கிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நம் பக்கத்து ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவில் இருந்து கொட்டை கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானாலோ அங்கே விலை ஏறினாலோ இங்கே பத்து நாள் வேலை இல்லை. நாம் சரியாக உடைக்கவில்லை என்றா வேலை நின்றது? எங்கேயோ தூரத்தில் நடந்தது, கூலி நம் வீட்டில் நின்றது. எழுத்து வேலையும் அதே துண்டுக் கூலிதான். ஒரே ஒரு வித்தியாசம், ஆலை மூடினால் மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். இங்கே கேட்க ஆள் கிடையாது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோம். மரம் விழுந்தது ஊருக்கே தெரிந்தது, கணக்கெடுக்க ஆள் வந்தது. இந்தப் பெண்ணுக்கு விழுந்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை.

இனி, இந்த வேலை எப்படி எப்படியெல்லாம் நின்றிருக்கிறது என்று பார்ப்போம்.

2005-ல் அமேசான் கம்பெனி 'மெக்கானிக்கல் டர்க்' என்று ஒரு தளம் தொடங்கியது. சின்னச் சின்ன வேலைகள்: படத்தைப் பார்த்து விவரம் எழுதுவது, பேச்சைக் கேட்டு எழுதுவது, பில்லைப் பார்த்துப் பதிவது. காசும் சில சென்ட்தான். ஆனால் நம் நாட்டில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். 2010-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு கணக்கெடுப்பில், அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியர்கள் என்று தெரிந்தது. 2012 வாக்கில் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து புதிதாக வருபவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா உள்ளே இருப்பார், தங்கை வெளியே நிற்பார். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே திறமை.

சில நேரம் தளம் திறந்துதான் இருக்கும், பணம் வருகிற வழி அடைபடும். வெளிநாட்டுக் காசு நம் கைக்கு வர 'பேபால்' என்ற நிறுவனத்தைப் பலரும் நம்பியிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் இந்திய வங்கிகளுக்குப் பணம் போவது திடீரென்று நின்றது. உழைத்த காசு சில வாரம் நடுவில் தொங்கியது. அடுத்த ஆண்டு, 2011 மார்ச் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது, வந்த பணத்தை ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அந்தப் பணத்தில் இணையத்தில் பொருள் வாங்கக்கூடாது என்று வந்தது. அந்த ஆண்டு கடைசிக்குள்ளேயே 500 என்பதை 3,000 ஆக உயர்த்தினார்கள். வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் விதி மாறுகிற இடைவெளியில் மாட்டிக்கொள்வது கூலிக்கு எழுதுகிறவர்கள்தான்.

அடுத்தது, தளமே மூடிப் போவது. இந்தத் தளங்களுக்கு வருமானம் விளம்பரத்தில் இருந்து. கூகுளில் யாராவது ஒன்றைத் தேடினால் இவர்கள் கட்டுரை மேலே வரவேண்டும், அப்போதுதான் விளம்பரக் காசு. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடும் முறையை மாற்றியது. அவசரத்தில் எழுதிக் குவித்த கட்டுரைத் தளங்கள் எல்லாம் கீழே போய்விட்டன. வருமானம் விழுந்தது. 2010-ல் யாகூ விலைக்கு வாங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் என்ற தளம், பிறகு பெயர் மாறி, 2014-ல் மூடப்பட்டது. ஹீலியம் என்ற இன்னொன்றும் அதே ஆண்டு மூடியது. ஐந்து வருடம், ஆறு வருடம் எழுதியவர்களின் கட்டுரைகள் அந்தத் தளத்தோடு போயின. நகல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் மிச்சம்.

இப்போது கம்ப்யூட்டரே எழுதுகிறது. 2022 நவம்பர் 30-ல் 'சாட்ஜிபிடி' வந்தது. அப்வொர்க் என்ற பெரிய வேலைத் தளத்தில் எழுத்து வேலை செய்பவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சில மாதத்திலேயே அவர்களுக்குக் கிடைத்த வேலை சுமார் 2 சதவீதமும், மாத வருமானம் சுமார் 5 சதவீதமும் குறைந்திருந்தது. பார்க்கச் சின்ன எண்ணாக இருக்கிறது. ஆனால் நாய்த் தீனிக் கட்டுரை போன்ற சாதாரண எழுத்துக்குத்தான் இதனால் முதலில் ஆபத்து என்பது என் எண்ணம்.

சரி, அப்படியானால் பிள்ளையை இந்த வேலைக்கு விடக்கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நெய்வேலி வரைக்கும்கூட அனுப்பாத வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பெண் தன் படிப்பால் ஐந்தாயிரம் சம்பாதித்தது சின்ன விஷயமா? விடுங்கள், விவரத்தோடு விடுங்கள்.

முதலில் பணம். எடுக்கக்கூடிய அளவு சேர்ந்ததும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். உண்டியல் மாதிரி அங்கேயே சேர்க்கக்கூடாது. தளத்தில் சேருவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எவ்வளவு சேர்ந்தால் கொடுப்பான்? எந்த வழியில் கொடுப்பான்? 50 டாலர் சேரவேண்டிய இடத்தைவிட 10 டாலரில் எடுக்க விடும் இடம் நல்லது, கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும். பணம் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். அண்ணன் கணக்கு, நெட் சென்டர்காரர் கணக்கு வேண்டாம். பான் கார்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக வந்த பணம் என்று வங்கியில் கேட்டால் பயப்படாமல் எழுத்து வேலைக்கான கூலி என்று சொல்லலாம். வெளிநாட்டில் இருந்து பணம் வந்ததற்கு வங்கியில் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் வங்கிக் கடனுக்குப் போகும்போது அது வருமானத்துக்கு அத்தாட்சி.

எழுதியது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும். முழுதாக விற்ற கட்டுரையை மறுபடி விற்க முடியாது, அது சரியில்லை. ஆனால் நான் இன்ன இன்ன எழுதியிருக்கிறேன் என்று அடுத்த இடத்தில் காட்ட அது உதவும்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கதவு மூடிய பிறகுதான் ஏமாற்றுக்காரன் வருகிறான். "அமெரிக்கக்காரன் பேரில் கணக்கு இருக்கு, ஐயாயிரம் கொடுத்தா அதுல நீ எழுதலாம்" என்பான். வாங்காதீர்கள். அடுத்தவர் பெயரில் வேலை செய்வது மோசடி. கண்டுபிடித்தால் கணக்கும் போகும், காசும் போகும். இன்னொருவன் "வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்பான். கூலி கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்பானா? இதில் இன்னும் மோசமான ஒரு வகை இருக்கிறது. முதலில் காசே கேட்கமாட்டார்கள். போனிலேயே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, நூற்றுக்கணக்கான பக்கம் டைப் அடிக்கக் கொடுப்பார்கள். முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டு நோட்டீஸ் வரும்" என்று ஒரு வக்கீல் பேசுவது போல மிரட்டுவார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் கம்மலை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டாம். அந்தக் கடிதங்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண். பணம் கட்டியிருந்தால் அன்றைக்கே கூப்பிடுவது நல்லது, பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிள்ளையைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்று இடத்தில் வேலை வைத்துக்கொள்வதும் அவசியம். முடிந்தால் அதில் ஒன்றாவது நேரில் போய்க் கேட்கக்கூடிய இடமாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் நடக்கும் தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் சிற்றூர்களிலேயே அலுவலகம் போட்டுப் படித்த பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்திருக்கின்றன. அங்கே மாதச் சம்பளம், மேலே ஒரு ஆள் என்று இருக்கும். நம் பெண் இப்போது பக்கத்தில் ஒரு முந்திரி வியாபாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருகிறார். மாதம் 1,500 ரூபாய். பழைய வருமானத்துக்கு இது எங்கே! ஆனால் ஐந்தாம் தேதி கையில் வந்துவிடுகிறது. வேறு இரண்டு தளங்களிலும் மனு போட்டிருக்கிறார்.

கடனுக்கு வருகிறேன். ஏழு தவணை போக 9,750 ரூபாய் பாக்கி. லேப்டாப்பை விற்றுக் கட்டலாமே என்று ஒரு பேச்சு வந்தது. ஆட்டை விற்று ஆட்டுக் கடனை அடைத்தால் அப்புறம் பால் எங்கே என்று பெரியம்மா ஒருவர் கேட்டார். கடைசியில் மூன்று மாதம் வட்டி மட்டும், பிறகு மாதம் 500 என்று ஒத்துக்கொண்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும் நேரத்தில் மூலையில் இருந்து ஒரு உறுப்பினர் எழுந்தார். "எனக்கு மாடு செத்தப்ப ஒரு மாசம்கூடத் தள்ளிக் குடுக்கலியே. அப்ப எழுதாத தீர்மானம் இப்ப எதுக்கு?" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று நான் அங்கேயே சொன்னேன். அன்று தீர்மானம் எழுதவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

உங்கள் கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் உறுப்பினர் வீடுகளில் இணையத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பணம் யார் கணக்குக்கு வருகிறது? வேலை நின்றால் எத்தனை தவணை வரை தாங்கும்? மாடு செத்தாலும் தளம் மூடினாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அவகாசம் என்று உங்கள் குழு விதி எழுதினால், அதை எப்படி எழுதுவீர்கள்? அந்தக் காடாம்புலியூர்க் குழுவுக்கும் பதில் வேண்டியிருக்கிறது. எழுதியதைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள்.