மாணவர் வயலின் குழுவுக்கு இசைத்தாள் வாங்கும் முன்

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், “இது பிள்ளைகளுக்கு வராது” என்று தெரிந்தால் எவ்வளவு தவிப்பு! பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. முதல் வயலினை அப்புறம் பார்க்கலாம். செல்லோ, வயோலா பார்ட்டுகளை முதலில் புரட்டுங்கள். குழு தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். வயோலா வாசிக்க ஆள் இல்லையென்றால் மூன்றாம் வயலின் பார்ட் உள்ள பதிப்பாகக் கேளுங்கள். அந்த இடம் வெறுமையாக நிற்காது.

2. புதியவர்களுக்கு டி மேஜர், ஜி மேஜர் எடுங்கள். வயலினின் 4 திறந்த தந்திகளும் அந்த ஸ்கேல்களிலேயே இருப்பதால் சுருதி பிடிப்பது எளிது.

3. ஒரு ஸ்டாண்டுக்கு 2 பேர் என்று கணக்கிடுங்கள். முதல் வயலின் 8 பேர் என்றால் 4 பிரதி போதும். வீட்டில் பழகத் தனிப் பிரதி வேண்டுமானால் கூடுதலாக வாங்குங்கள்.

4. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் பாருங்கள். அங்கே ஓய்வுக் குறி இல்லாவிட்டால், ஒருவர் தாளைப் புரட்டும்போது அந்த ஸ்டாண்டின் பாதி ஒலி போய்விடும்.

5. தேறிய பிள்ளைகளுக்கு ஹோல்ஸ்ட்டின் ‘செயின்ட் பால்ஸ் சூட்’ தேடுங்கள். லண்டன் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதியது. கடைசிப் பகுதி வேகமானது. அங்கே ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டு முதலில் செல்லோவுக்குத்தான் வருகிறது. எப்போதும் துணைக்கு வாசிக்கும் பிள்ளைகளின் முகத்தை அப்போது பாருங்கள்!