பகலில் காயட்டும், இரவில் குளிரட்டும்: பச்சோந்திக் குட்டியின் முதல் குளிர்காலம்

அக்டோபர் கடைசி ஞாயிறோடு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. ஐந்து மணிக்கு முன்பே இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டு ஹீட்டிங்கும் ஓடத் தொடங்கிவிட்டது. பிள்ளையின் நச்சரிப்பு தாங்காமல் கோடையில் ஒரு பச்சோந்திக் குட்டி வாங்கிய பிரிட்டன் தமிழ் வீடுகளுக்கு இனி வரும் நான்கு மாதம்தான் உண்மையான சோதனை. கோடையில் பாதி வேலையை வானிலையே பார்த்துக்கொண்டது. இனி முழுவதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

இங்கே கடைகளில் அதிகம் விற்பது யேமன் பச்சோந்தி. தலையில் உயர்ந்த கொண்டை இருக்கும். ஊர், யேமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும். அரேபியா என்றதும் மணலும் அனலும் என்று நினைத்துவிடுகிறோம். இது வாழ்வது மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் உள்ள மரம் செடிகளில். பகலில் சுள்ளென்று வெயில், இரவில் குளிர், விடியலில் இலையெல்லாம் ஈரம். இந்த மூன்றும் இருந்தால் அது நன்றாக இருக்கும்.

நம் வீடு இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனதும் ஹீட்டிங் அணைந்து வீடு குளிர்கிறது. மாலையில் வந்ததும் போடுகிறோம், கதகதப்பாகத் தூங்குகிறோம். அதாவது பகல் குளிர், இரவு சூடு, எந்நேரமும் வறட்சி. போதாததற்கு நமக்கு ஒரு வழக்கம்: எந்தக் குட்டியைப் பார்த்தாலும் “பாவம், குளிருமே” என்று போர்த்திவிடுவது. எங்கள் முதல் குளிர்காலத்தில் நானும் கூண்டின் மேல் ஒரு கம்பளிச் சால்வையைப் போட்டு, பக்கத்து ரேடியேட்டரை இரவு முழுவதும் எரியவிட்டேன். இரண்டு வாரத்தில் அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமானது. கண்கள் உள்வாங்கின. மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இரவில் எத்தனை டிகிரி?” என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வெப்பமானியே இல்லை.

இன்று இரவே செய்ய வேண்டியது

கூண்டுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகளை வையுங்கள், ஈரப்பதமும் காட்டுகிற வகையாக. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தால் நகர்த்துங்கள். ஜன்னலை ஒட்டியும் வேண்டாம், அங்கே இரவில் குளிர்காற்று இறங்கும். கூண்டின் மேல் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே இருப்பது நல்லது. தன்னை மேலிருந்து குனிந்து பார்க்கிற எதையும் அது பருந்தாகத்தான் எண்ணும்.

விளக்குகள் அணைந்த பிறகு குட்டிக்கு 18 முதல் 20 டிகிரி போதும். பெரும்பாலான வீடுகளில் ரேடியேட்டரைக் குறைத்தாலே இது கிடைத்துவிடும். அறை 16 டிகிரிக்கும் கீழே போகிற பழைய வீடானால் மட்டும், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்துக் கூண்டுக்கு வெளியே மாட்டுங்கள். சிவப்பு, நீல “இரவு பல்பு” எதுவும் வேண்டாம். கடையில் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரவில் அதற்குத் தேவை முழு இருட்டு.

பகலில் மேல் கிளையில் 27 முதல் 29 டிகிரி, கூண்டின் மற்ற இடங்களில் 22 முதல் 25. பெரிய பச்சோந்திக்குச் சொல்லப்படும் அளவைக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். உடல் சிறியது, சீக்கிரம் சூடாகி சீக்கிரம் வறண்டுபோகும். வெப்ப பல்புக்கும் மேல் கிளைக்கும் நடுவே குறைந்தது 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். குளிரும்போது குட்டி பல்புக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருங்கும். கொண்டை தீய்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் கொண்டைத் தீப்புண் சாதாரணமாக வருகிற ஒன்று. குட்டி வளர வளரக் கொண்டையும் உயரும், ஆகவே செப்டம்பரில் அளந்த இடைவெளியை இப்போது மறுபடி அளக்க வேண்டும்.

வறட்சிதான் பெரிய எதிரி

வெளியே நாள் முழுக்கத் தூறல், பிறகு வறட்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. வெளியே 5 டிகிரியில் ஈரம் நிரம்பி நிற்கிற காற்று, உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். நம் உதடு வெடிப்பதும் இதனால்தான். பகலில் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் யேமன் பச்சோந்திக்குப் போதும். சிக்கல் இரவில்தான். அதன் ஊரில் இரவில் சுவாசிப்பது ஈரக்காற்று. ஆகவே இரவில் 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

விளக்கு எரிவதற்கு முன் காலையில் இரண்டு நிமிடம், விளக்கு அணைந்த பின் இரவில் இரண்டு நிமிடம் இலைகளில் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். பகல் நடுவில் சூடான விளக்கின் கீழ் தெளிக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து காற்றோட்டமில்லாமல் நின்றால் நுரையீரல் தொற்று வரும். ஃபாகர் எனப்படும் பனிமூட்டக் கருவியைப் பின்னிரவில் ஓடவிடலாம், ஆனால் கூண்டு 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டும். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு தெளிப்பான் முனையையும் அடைக்கும். இந்தக் கருவிகளுக்குச் சுத்திகரித்த நீரையே ஊற்றுங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குட்டி கண்டுகொள்ளாது. தேங்கிய நீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். ஒரு பிளாஸ்டிக் குவளையின் அடியில் ஊசியால் துளையிட்டு, மதியம் கூண்டின் மேல் வைத்துச் சொட்டவிடுங்கள். கீழே ஒரு பாத்திரம் வைத்து, சேர்வதை அன்றன்றே கொட்டிவிடுங்கள். கூண்டுக்குள் உயிருள்ள செடி கட்டாயம்: மணி பிளான்ட், செம்பருத்தி இரண்டும் நல்லவை. இந்த இனம் இலையையும் கடிக்கும், அதனால் நர்சரியில் மருந்தடித்த செடியை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஜன்னல் வெயில் கணக்கில் வராது

குளிர்கால வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் கூண்டை ஜன்னலோரம் இழுத்து வைக்கிறார்கள். பயனில்லை. எலும்புக்கு வேண்டிய விட்டமின் டி3யை உண்டாக்குகிற யுவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தேவை நீண்ட T5 வகை யுவிபி குழாய் விளக்கு. சுருள் பல்பு வேண்டாம். ஆர்கேடியா நிறுவனத்தின் 6 சதவீதக் குழாய் இந்த இனத்துக்குப் பரவலாகப் பயன்படுகிறது. வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால், கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் மாற்றுங்கள், கதிர் மட்டும் குறைந்திருக்கும். 12 மணி நேரம் எரிய வேண்டும், 12 மணி நேரம் அணைய வேண்டும், டைமர் வழியாக. கடிகாரம் மாறியபோது ஸ்மார்ட் பிளக் தானாக ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும், பழைய சுழல் டைமர் நகர்ந்திருக்காது. இரண்டும் கலந்து வைத்திருப்பவர்கள் சரிபாருங்கள். மின்கட்டணம் என்று பெருமூச்சு விடுகிற அப்பாக்களுக்கு: 24 வாட் குழாயும் 50 வாட் பல்பும் 12 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

நாக்கை நம்பாதீர்கள்

“நன்றாகச் சாப்பிடுகிறதே, குளிரெல்லாம் ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்கிறவர்களுக்காக ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 2010இல் கிறிஸ்டோபர் ஆண்டர்சன், ஸ்டீபன் டெபன் என்ற இருவர் இதே யேமன் பச்சோந்தியின் நாக்கை வெவ்வேறு வெப்பநிலைகளில் அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். குளிரிலும் நாக்கு பாய்கிற வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. இழுத்துக் கட்டிய வில்போல உள்ளே மடிந்த திசு அதை ஏவுவதே காரணம். நாக்கைத் திரும்ப இழுக்கும் வேலையைத் தசை செய்கிறது, அது குளிரில் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. எனவே குளிர்ந்துபோன குட்டியும் பூச்சியைப் பிடித்துவிடும். பிடித்ததைச் செரிக்கச் சூடு வேண்டும், அது இல்லாவிட்டால் இரை வயிற்றில் கிடந்து அழுகும். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து இரை கொடுங்கள். மாலை மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம்.

இரையின் அளவு, குட்டியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை தினமும் கொடுக்கலாம், சிறிய சில்வண்டு, வெட்டுக்கிளிக் குஞ்சு என்று மாற்றி மாற்றி. மீதியை மாலையில் எடுத்துவிடுங்கள். பசித்த சில்வண்டு தூங்குகிற குட்டியைக் கடிக்கும். இந்தப் பூச்சிகளும் குளிரில் சாகும், ஆகவே டப்பாவைக் கராஜில் வைக்காதீர்கள், உறைபனி நாட்களில் தபாலில் வரவழைக்காதீர்கள்.

பூச்சி என்ன தின்றதோ அதைத்தான் பச்சோந்தி தின்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்க் கடை பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: கால்சியம் நிறைந்த முருங்கைக்கீரையைச் சில்வண்டுக்குப் போடலாம், கூட கேரட், பப்பாளி. ஸ்பினாச் கீரை மட்டும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கொடுப்பதற்கு முன் பூச்சியை ஒரு பையில் போட்டு, டி3 சேராத கால்சியம் தூளில் லேசாகப் புரட்டுங்கள். டி3யும் பல்விட்டமினும் மாதத்துக்கு இரண்டு முறை போதும். கால்சியம், டி3 இரண்டில் ஒன்று தவறினாலும் கால் வளையும், தாடை ரப்பர்போல மெத்தென்றாகும். வளைந்தது நிமிராது.

பெண் குட்டி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பின்னங்கால் குதிகாலில் சின்ன முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். கோடையில் மூன்று மாதக் குட்டியாக வாங்கியது டிசம்பருக்குள் ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். ஆணே இல்லாமலும் பெண் முட்டையிடும், சில நேரம் ஐம்பதுக்கு மேல். மண் இல்லையென்றால் முட்டையை அடக்கி வைத்துச் செத்துப்போகலாம். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு தொட்டியில், விரலால் துளையிட்டால் இடியாத அளவு ஈரமான மணலை நிரப்பி இப்போதே உள்ளே வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரை, மேல் கிளையில் 27 டிகிரி. நிறைய ஊட்டி நிறையச் சூடு காட்டினால் நிறைய முட்டை வரும், ஆயுள் குறையும்.

பச்சோந்தி என்றாலே கட்சி மாறுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். பாவம், அது யாரையும் ஏமாற்ற நிறம் மாறுவதில்லை. ஜெனீவா ஆய்வாளர்கள் 2015இல், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியைக் கொண்டு, தோலுக்குள் இருக்கும் நுண் படிகங்களின் இடைவெளி விரியும்போதும் சுருங்கும்போதும் நிறம் மாறுவதைக் காட்டினார்கள். சூடும் மனநிலையும் சேர்ந்து எழுதுகிற எழுத்து அது. காலையில் கருத்து விளக்குப் பக்கம் உடலைத் தட்டையாகக் காட்டினால் வெயில் காய்கிறது, கவலை வேண்டாம். மதியமும் கருப்பாகவே இருந்தால் குளிருகிறது, அல்லது பயப்படுகிறது. பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். விடுமுறைக்கு வருகிற உறவுக்காரப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவதை இந்த வருடம் கண்டிப்பாகத் தடுங்கள். இது பார்க்கிற செல்லம், கொஞ்சுகிற செல்லம் இல்லை. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், ஊர்வனவற்றில் சால்மோனெல்லா இருக்கும். கூண்டுப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் அலம்ப வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை போகிற அறையிலும் கூண்டு இருக்க வேண்டாம்.

டிசம்பரில் ஊருக்குப் பறக்கிறவர்கள் இப்போதே ஆள் பிடியுங்கள். மூன்று வாரம் பக்கத்து வீட்டார் “எட்டிப் பார்ப்பது” போதாது, தினமும் தண்ணீர் தெளிக்கவும் கணக்காக இரை போடவும் ஒருவர் வேண்டும். ஊரில் வேலியோரம் அதன் பங்காளியைப் பார்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

கடைசியாக, மருத்துவர். பகலில் கண்ணை மூடியிருப்பது, கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, வாயோரம் நுரை, உள்ளே போகாத நாக்கு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளை என்று தள்ளாதீர்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது அதன் இயல்பு, நமக்குத் தெரியும்போதே நாள்கணக்கு ஆகியிருக்கும். நாய், பூனை பார்க்கிற எல்லா மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர் யார், கிறிஸ்துமஸ் வாரத்தில் அவசரத்துக்கு எந்த எண் என்று இந்த வாரமே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கூண்டுக் கதவில் ஒட்டிவையுங்கள்.