தற்காலிக வேலையில் சேருமுன்

"முதலில் டெம்பரரியாகச் சேர்ந்துவிடு. உள்ளே போய்விட்டால் பர்மனென்ட் தானாக வரும்." பட்டம் முடித்த பிள்ளையோ பெண்ணோ இருக்கும் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவோ மாமாவோ இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அவர் வரையில் அது உண்மையே. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அந்தத் தலைமுறைக்கு, மத்திய அரசு அலுவலகத்தில் கிடைத்த முதல் ஆணையில் 'தற்காலிகம்' என்றே எழுதியிருக்கும். 1965-ஆம் ஆண்டுத் தற்காலிகப் பணி விதிகளின்படி ஒரு மாத நோட்டீஸில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனாலும் சில வருடங்களில் பணி உறுதியாகிவிட்டது. காரணம், அவர்கள் தேர்வு எழுதியோ எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ, அனுமதிக்கப்பட்ட இடத்தில் முறைப்படி அமர்த்தப்பட்டவர்கள். 'தற்காலிகம்' என்பது அன்று கிட்டத்தட்ட ஒரு சடங்குச் சொல்.

இன்று அப்படி இல்லை. 2006 ஏப்ரல் 10 அன்று, கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. முறையான தேர்வின்றித் தினக்கூலியாகவோ ஒப்பந்தத்திலோ சேர்ந்தவர், எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த ஒரே காரணத்தால் நிரந்தரம் கோர முடியாது என்பது அதன் சாரம். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், ஃபரீதாபாத்தில் மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை நிரந்தரமாக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதை ஒரு வழியாகக் காட்ட முடியுமா?

படித்தவர்கள் கதையும் வேறல்ல. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'அட்ஹாக்' விரிவுரையாளர் நியமனம் ஒரு தடவைக்கு 120 நாட்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஆணை. இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள் இருந்தார்கள். 2022 முதல் நிரந்தர நேர்காணல்கள் வேகமாக நடந்தபோது, அவர்களில் பலர் தாங்கள் பாடம் நடத்திய வகுப்பறையிலேயே இடம் இழந்தார்கள்.

அதற்காகத் தற்காலிக வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு வாடகை காத்திருக்காது. மேலும், சும்மா இருக்கும் பிள்ளைக்கு நம் வீடுகளில் நடக்கும் உபசாரம் தெரிந்ததே! அந்த வேலை என்ன தரும், என்ன தராது என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

பி.எட். முடித்த பெண்களுக்குப் பழக்கமான உதாரணம், கேந்திரிய வித்யாலயா. பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிகள் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் வைக்கும். அந்தக் கல்வி ஆண்டோடு ஒப்பந்தம் முடியும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. நிரந்தரப் பணிக்கு அகில இந்தியத் தேர்வு தனி. சம்பளமில்லாத அந்த விடுமுறையை ட்யூஷனுக்கு முழுதும் கொடுத்துவிடாமல் அந்தத் தேர்வுக்கு ஒதுக்கினால், ஒப்பந்த வேலை வீண்போகாது. ஆசிரியர் தகுதித் தேர்வான சி-டெட் சான்றிதழ் 2021-இலிருந்து ஆயுள் முழுதும் செல்லும் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

அரசு அலுவலகங்களில் டேட்டா என்ட்ரி வேலை பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வருகிறது. உட்காருவது அமைச்சக நாற்காலியில், முதலாளி ஏஜென்சிக்காரர். அனுபவச் சான்றிதழும் அவர் லெட்டர்ஹெட்டில்தான் வரும். டெண்டர் மாறினால் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆகவே பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, சம்பளம் நான்கும் குறித்த கடிதத்தை வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடவும். சேர்வதற்கு 'டெபாசிட்' கேட்கும் ஏஜென்சி என்றால் படியேற வேண்டாம்.

நேர்காணலுக்கு லீவு உண்டா என்பதையும் சேரும் அன்றே கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தேர்வுகளைத் தவறவிட்டவர்கள் நிறைய. எஸ்.எஸ்.சி.யின் பிளஸ் டூ நிலைத் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 27. இரண்டு வருடம் இப்படிக் கழிந்தால் திரும்பி வராது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் தற்காலிகச் சம்பளத்தை நம்பி ஃப்ளாட்டுக்கோ ஸ்கூட்டருக்கோ தவணை கட்டத் தொடங்காதீர்கள். தவணை வந்தபின் அவன் அந்த வேலையை விட்டுத் தேர்வுக்குப் படிக்க நினைத்தாலும் முடியாது.

கடைசியாக பி.எஃப். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவழிப்பது வழக்கமாகிவிட்டது. 2014 முதல் ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். எண். புதிய இடத்தில் அதையே கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை தேவை. எட்டு மாத வேலையும் அதில் சேரும், பணத்தை எடுக்காதிருந்தால். இன்னொன்று: 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்பவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது என்று விதி வந்தது. அதற்குக் குறைந்த சம்பளத்தில் முன்பே உறுப்பினராகிவிட்டவர், பின்னால் சம்பளம் உயர்ந்தாலும் தொடரலாம். ஆறாயிரமோ எட்டாயிரமோ கையில் வருகிறதே என்று படிவம் 10-சி எழுதிக் கொடுக்குமுன், வீட்டில் ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவை ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.