கேள்வி நேரமும் நாமும்

நாடாளுமன்றத்தில் நடப்பவற்றுள் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிடுவன கூச்சலும் வெளிநடப்புமே. அங்கு அமைச்சர்கள் நாள்தோறும் தரும் விடைகளோ மூலைச் செய்தியாய் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் மத்திய அரசாங்கப் பணிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம்மனோர்க்கு அம் மூலைச் செய்தியே முதற் செய்தி ஆகும். எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, எத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று அரசாங்கமே பொறுப்பேற்றுச் சொல்லும் கணக்கு அங்கேதான் கிடைக்கிறது. அவ் விடைகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பவற்றை இக் கட்டுரையிற் காண்போம்.

கேள்வி கேட்கும் உரிமை

இவ்வுரிமை நமக்கு ஒரே நாளில் வந்ததன்று. 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டமே சட்டசபை உறுப்பினர்க்குக் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலில் வழங்கியது. அன்று கேட்கலாம், கிடைத்த பதிலின் மேல் மறுகேள்வி போட இயலாது. 1909இல் வந்த சட்டம் கேள்வி கேட்டவர்க்கு மட்டும் துணைக்கேள்வி உரிமை தந்தது. 1919இன் சீர்திருத்தத்திற்குப் பின்னரே அவ்வுரிமை எல்லா உறுப்பினர்க்கும் வந்தது. கேட்பதற்கும் எல்லா உறுப்பினரும் மறித்துக் கேட்பதற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்திருக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

இன்று மக்களவையில் ஒவ்வொரு நாள் கூட்டத்தின் முதல் மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் அது நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. கேள்விகள் பெரும்பாலும் இருவகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் விடை கூற வேண்டும். அதன்மேல் துணைக்கேள்விகள் வரும். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டுமே விடை, துணைக்கேள்வி இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 கேள்விகள் இடம்பெறும். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னரே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எவர் கேள்வி இடம்பெறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்.

துணைக்கேள்வியின் வலிமைக்கு ஒரு சான்று போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திரா நிறுவனங்களில் முதலீடு செய்த பணத்தைப் பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. பெரோஸ் காந்தி முதலியோர் விடாது துருவினர். விவாதமாகவும் விசாரணையாகவும் வளர்ந்த அச் செய்தி, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் சென்று முடிந்தது.

எண்ணைத் தரும் விடை

இனி வேலைவாய்ப்பைப் பற்றிய விடைகளுக்கு வருவோம். 2022 ஜூலையில் மக்களவையில் பணியாளர் துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங் எழுத்தில் ஒரு விடை தந்தார். 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசாங்கத் துறைகளில் வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் 22 கோடியே 5 லட்சத்திற்கு மேல். பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 7,22,311 பேர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 305 விண்ணப்பங்களுக்கு ஒருவர்.

இவ்வெண்ணைக் கண்டு மலைப்பதற்கு முன், ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டைப் பார்ப்பது போல இதனைப் பார்த்தல் வேண்டும். அளக்கப்பட்டது எது? விண்ணப்பம், விண்ணப்பித்த மனிதர் அல்லர். நம் விடுதியிலேயே ஒருவர் ஓராண்டில் நான்கு தேர்வுகளுக்கு எழுதிப் போடுவதுண்டு. அவர் இக் கணக்கில் நால்வராகிறார். ஆகவே 305 பேரில் ஒருவர்க்கே வேலை என்று உரைப்பது பிழை. மறுபக்கம், பரிந்துரை என்பதும் பணியில் அமர்தல் அன்று. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

ஆண்டையும் நோக்க வேண்டும். 2018-19இல் வந்த விண்ணப்பங்கள் 5 கோடியே 9 லட்சம். அவ் எட்டு ஆண்டுகளில் அதுவே மிகுதி. பரிந்துரை பெற்றோரோ 38,100 பேர். அதுவே மிகக் குறைவு. மறு ஆண்டில் பரிந்துரை 1,47,096 ஆக உயர்ந்தது. ஓராண்டில் விண்ணப்பம் பெற்று வேறோர் ஆண்டில் முடிவு வெளியிடும் முறையில், ஒரே ஆண்டின் இரு எண்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டி அரசாங்கத்தைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. உண்மை அதில் இல்லை.

காலியிடங்களின் கணக்கு இதனினும் தெளிவாகப் பேசும். 2022இல் தரப்பட்ட இரு விடைகளை அடுத்தடுத்து வைப்போம். 2020 மார்ச் 1ஆம் நாள் நிலவரப்படி மத்திய அரசாங்கத்தில் ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் 40,04,941, பணியில் இருந்தோர் 31,32,698, காலி 8,72,243. சரியாக ஓராண்டுக்குப் பின், 2021 மார்ச் 1ஆம் நாள், ஒப்புதல் பெற்றவை 40,35,203, பணியில் இருந்தோர் 30,55,876, காலி 9,79,327. ஓராண்டில் காலியிடம் 1,07,084 கூடியது. அதில் புதிதாய் ஒப்புதல் பெற்ற இடங்களால் வந்தவை 30,262 மட்டுமே. மீதி 76,822 இடங்கள், இருந்த ஊழியர் குறைந்ததனால் விழுந்தவை. இவ்வுண்மையைத் தனியொரு விடை காட்டாது. இரண்டையும் கழித்துப் பார்ப்பவர்க்கே அது புலனாகும். 2021 மார்ச் நிலவரம் அவைக்கு வந்தது 2022 ஜூலையில் என்பதையும் குறித்துக்கொள்க. விண்மீனின் ஒளி போல, நம்மை வந்து அடையும் கணக்கு பழைய கணக்கே.

இல்லை என்னும் விடை

சில விடைகள் ஒரு சொல்லின் பொருள் வரையறையைப் பற்றிக்கொண்டு நிற்கும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர் எவரும் இருப்பதாகத் தகவல் இல்லை என்று சமூக நீதித் துறை விடை தந்தது. நாடெங்கும் படித்தவர் திகைத்தனர். அதே ஆண்டில் அதே துறை தந்த மற்றொரு விடையோ, 1993 முதல் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கித் துப்புரவு செய்கையில் இறந்தோர் 941 பேர் என்றது. அவருள் 213 பேர் தமிழ்நாட்டினர். மாநிலங்களுள் அதுவே மிகுதி.

இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதை ஒரு தொழிலாகவும், சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்குவதை இடர்மிகு துப்புரவு என்று வேறொன்றாகவும் வரையறுக்கிறது. முதற் கேள்வியின் சொல் முதல் வரையறைக்குள் விழுந்தது. விடையும் அதற்குள்ளேயே நின்றுகொண்டது. சட்டத்தின் சொல்லால் கேட்டால் சட்டத்தின் சொல்லாலேயே விடை வரும். 941 குடும்பங்களின் துயரம், கேட்பவரின் ஒரு சொல் மாறியதால் மறைந்தும் வெளிப்பட்டும் போயிற்று. நம் மாநிலத்தைப் பற்றிய எண்ணும் அதற்குள் இருந்தது என்பதை நாம் வெட்கத்தோடு ஏற்றல் வேண்டும்.

கணக்கே இல்லை என்னும் விடை

2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, தொற்றுநோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்து விடைகள் மட்டும் தொடர்ந்தன. அவ்வாண்டின் ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி செப்டம்பர் 14ஆம் நாள் மக்களவையில் தொழிலாளர் துறை தந்த விடையில், திரும்பியோர் தொகை 1,04,66,152 என்று கடைசி இலக்கம் வரை இருந்தது. வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கோ, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்பதே விடை. கணக்கு இல்லாமையால் இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றும் சொல்லப்பட்டது.

சில நாட்களில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் தந்த எழுத்து விடை, தொழிலாளர் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்தனர் என்றது. ஆகவே, ஒரு துறையிடம் இல்லாத கணக்கின் ஒரு பகுதி மற்றொரு துறையிடம் இருந்தது! எந்தத் துறையைக் கேட்பது என்பதும் கேள்வியின் ஒரு பகுதியே. அன்று கேள்வி நேரம் இருந்திருந்தால், கணக்கு ஏன் வைக்கவில்லை, இனி வைப்பீர்களா என்று ஓர் உறுப்பினரேனும் எழுந்து கேட்டிருக்க வழி இருந்திருக்கும். எழுத்து விடையை எதிர்த்து எவரும் எழ இயலாது. 1909இல் முன்னோர் பெற்ற துணைக்கேள்வியின் அருமை இங்கே விளங்கும்.

ஆவன செய்யப்படும்

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்னும் விடைகளைக் கேட்டு நாம் நகைக்கிறோம். அவை வெறும் தட்டிக்கழித்தல் அல்ல. அவையின் மரபில் அவை உறுதிமொழிகள் ஆகும். அவற்றைத் திரட்டி, நிறைவேறினவா என்று பார்க்க மக்களவையில் 1953 முதலே உறுதிமொழிக் குழு ஒன்று உண்டு. மூன்று மாதங்களுக்குள் உறுதிமொழி நிறைவேற வேண்டும் என்பது விதி. காலம் நீட்டித்துக் கேட்கும் வழக்கமும் உண்டு. எனினும், சொன்ன சொல் ஏட்டில் ஏறிவிடுகிறது; ஏட்டில் ஏறியதை மீண்டும் கேட்கலாம்.

நாம் செய்யத்தக்கது

வினாவிடைகள் அனைத்தும் இரு அவைகளின் இணையத்தளங்களில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கின்றன. நம் சங்கத்தில் சிலர் கூடி, ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கல்வி உதவித்தொகை, தேர்வு, காலிப் பணியிடம் ஆகியவை பற்றிய விடைகளைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் இடுவது அரிய செயலன்று. ஒவ்வொரு விடையின் கீழும் நான்கு குறிப்புகள் இருத்தல் வேண்டும்: எண்ணப்பட்ட பொருள் எது, எந்நாள் நிலவரம், எச் சொல்லின் வரையறை, சொல்லாமல் விடப்பட்டது எது.

கேள்வியாகவும் அனுப்பலாம். அவையிற் கேட்கும் உரிமை உறுப்பினர்க்கே உரியது. உறுப்பினர்க்கு எழுதும் உரிமை நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. கேள்வி 150 சொற்களுக்கு மிகாமல், கருத்தை நாடாது தகவலையே நாடுவதாய், மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளதைப் பற்றியதாய் இருத்தல் வேண்டும். மாநில அரசுப் பணியைப் பற்றியது என்றால் அதற்குரிய இடம் சட்டமன்றம்.

"வேலை ஏன் தரவில்லை?" என்று எழுதினால் ஒரு சொற்பொழிவு விடையாக வரும். "இன்ன நாளில், இன்ன துறையில், இன்ன பதவியில் காலியிடம் எத்தனை, அவற்றுள் தேர்வு அறிவிக்கப்பட்டவை எத்தனை, அறிவித்து ஈராண்டு கடந்தும் முடிவு வராதவை எத்தனை?" என்று எழுதினால் மூன்று எண்கள் வந்தே தீரும், வராவிடின், வராத காரணமேனும் ஏட்டில் ஏறும். நண்பர்களே, அடுத்த கூட்டத்தொடர் தொடங்குமுன் அத்தகைய ஒரு கேள்வியையாவது நம் சங்கத்தின் பெயரால் எழுதி, நம் தொகுதி உறுப்பினர் ஒருவர்க்கு அனுப்புவோமாக.